இரு பக்கமும் தெரிந்த திரை
நெகிரி செம்பிலான் தோட்டத் திடலும் கேளிக்கைப் பூங்காக்களின் பெருந்திரையும்

சம்பளம் போட்ட வாரத்துச் சனிக்கிழமை என்றால் ரப்பர்த் தோட்டத்து லயத்துப் பிள்ளைகளுக்கு மத்தியானச் சோறு இறங்காது. வெயில் தாழ்வதற்குள் தோட்டத்து முகப்புக்குப் போய் நின்றுகொள்வோம். செம்மண் பாதையில் படக்காரரின் வேன் திரும்பியதும் அதன் பின்னாலேயே திடல்வரை ஓட்டம். இரண்டு கம்பங்களை நட்டு, வெள்ளைத் துணியின் நான்கு முனைகளையும் இழுத்துக் கட்டுவார்கள். காற்றில் துணி புடைத்துவிடாமல் இருக்க அடியில் ஒரு கயிறு ஓடும். பொழுது சாய்வதற்குள் பாய்கள் விரிந்துவிடும். கைப்பிள்ளைக்காரிகளும் பாட்டிமார்களும் தலையணை சகிதம் வந்து இடம் பிடிப்பார்கள். முன்னால் இடம் கிடைக்காதவர்கள் வருத்தப்பட மாட்டார்கள். நேரே திரைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்வார்கள். அங்கிருந்து பார்த்தால் எழுத்தெல்லாம் இடம் வலமாக மாறியிருக்கும். வலக்கையால் வாள் சுழற்றும் கதாநாயகர் இடக்கைக்காரராகத் தெரிவார். கதைக்கு அதனால் ஒரு குறையும் வந்ததில்லை.

சிலியாவ், ரந்தாவ், லிங்கி, லாபு, பகாவ் என்று நெகிரி செம்பிலானின் எந்த வட்டாரத்துத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த பெரியவரைக் கேட்டாலும் இந்தக் காட்சியைச் சொல்வார். பால்மரக்காட்டு வாழ்வில் 'பெரிய திரை' என்பது இதுதான். இன்று அந்தச் சொல் வேறொன்றைக் குறிக்கிறது. ஏழெட்டு மாடி உயரத் திரை, நெஞ்சை அதிரவைக்கும் ஒலி, கையில் நுழைவுச்சீட்டு. உலகின் பல நாடுகளில் இந்தப் பெருந்திரை தனிக் கொட்டகையாக வருவதற்கு முன்பே கேளிக்கைப் பூங்காக்களுக்குள், ராட்டினத்துக்கும் ரோலர் கோஸ்டருக்கும் நடுவில் ஒரு காட்சிப் பொருளாக வந்துவிட்டது. அங்கே அது ஏன் வந்தது, வந்தவர்களுக்கு எதைத் தந்தது, சில இடங்களில் நிலைத்துச் சில இடங்களில் ஏன் மறைந்தது என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி. அதற்கான பதிலில் பாதி நம் தோட்டத் திடலில் கிடக்கிறது என்பது என் துணிபு.

பொருட்காட்சியில் பிறந்தது

பெருந்திரையின் தாய்வீடு பொருட்காட்சி. 1895இல் பாரிஸ் மக்களுக்குச் சலனப்படம் காட்டிய லூமியேர் சகோதரர்கள், ஐந்தே ஆண்டுகளில் 1900ஆம் ஆண்டுப் பாரிஸ் உலகப் பொருட்காட்சியின் இயந்திரக் கூடத்தில் ஏறத்தாழ 21 மீட்டர் அகலத் திரையை ஏற்றினார்கள். அந்தத் துணியைத் தண்ணீரில் நனைத்துத் தொங்கவிட்டார்கள். ஈரத்துணி ஒளியைப் பாதி திருப்பியனுப்பும், பாதி ஊடுருவ விடும். அதனால் கூடத்தின் இரு புறமும் இருந்த மக்கள் ஒரே படத்தைப் பார்க்க முடிந்தது. பின்பக்கத்துப் பார்வையாளர் என்பவர் நம் தோட்டத்துக்கு மட்டும் உரியவர் அல்லர். பெருந்திரை பிறந்த அன்றே அவரும் இருந்திருக்கிறார்.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1904இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் பொருட்காட்சியில் 'ஹேல்ஸ் டூர்ஸ்' என்ற புதுமை வந்தது. ரயில் பெட்டி போன்ற அறைக்குள் மக்களை உட்காரவைத்து, ஓடும் ரயிலின் முன்பக்கத்திலிருந்து எடுத்த படத்தை எதிரே ஓட்டி, பெட்டியை ஆட்டி, சக்கரச் சத்தமும் எழுப்பினார்கள். அடுத்த சில ஆண்டுகளில் அது பல நகரங்களின் கேளிக்கைப் பூங்காக்களுக்குப் பரவியது. இன்றைய 'மோஷன் தியேட்டர்'களுக்கெல்லாம் பாட்டன் அதுதான். ஏறக்குறைய அதே வேளையில், 1905இல், திருச்சியில் சாமிக்கண்ணு வின்சென்ட் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் படக்கருவியை விலைக்கு வாங்கிக் கூடாரத்தோடு ஊர் ஊராகப் புறப்பட்டார். மேற்கில் மக்கள் படத்தைத் தேடிப் பூங்காவுக்குப் போனார்கள். தமிழ்நாட்டில் படம் மக்களைத் தேடி ஊருக்கு வந்தது. இந்த இரண்டு வழிகளும் பின்னாளில் மலாயாவில் சந்தித்துக்கொண்டன.

இன்று ஐமேக்ஸ் என்று நாம் அறிந்த முறையும் பொருட்காட்சியில்தான் தோன்றியது. 1967இல் மாண்ட்ரியல் பொருட்காட்சியில் பல கருவிகளை ஒன்றாக இயக்கிப் பல திரைகளில் படம் காட்டிச் சிரமப்பட்ட கனடியர்கள் கிரேம் ஃபெர்குசன், ரோமன் குரோய்ட்டர், ராபர்ட் கெர் ஆகியோர், ஒரே கருவியால் ஒரே பெரிய திரையை நிரப்பும் வழியைத் தேடினார்கள். பொறியாளர் வில்லியம் ஷா அவர்களோடு சேர்ந்தார். ஆஸ்திரேலியர் ரான் ஜோன்ஸ் கண்டுபிடித்த, படச்சுருளை அலைபோல உருட்டிச் செலுத்தும் முறை கைகொடுத்தது. 1970இல் ஒசாக்கா பொருட்காட்சியில் 'டைகர் சைல்டு' திரையேறியது. மறு ஆண்டு டொராண்டோவின் ஏரிக்கரையில் ஒன்டாரியோ பிளேஸ் என்ற கேளிக்கை வளாகத்தில் 'சினிஸ்ஃபியர்' உருண்டை அரங்கம் திறந்தது. உலகின் முதல் நிரந்தர ஐமேக்ஸ் அரங்கமே ஒரு பொழுதுபோக்குப் பூங்காவுக்குள்தான் எழுந்தது.

கருவியின் அளவுகளைக் கொஞ்சம் அருகில் வைத்துப் பார்ப்போம். தோட்டத்துக்கு வந்த 16 மில்லிமீட்டர் படச்சுருளில் ஒரு சட்டகம் சுண்டுவிரல் நகத்தளவு. ஐமேக்ஸ் சட்டகம் ஏறத்தாழ 70 மில்லிமீட்டருக்கு 48 மில்லிமீட்டர், தீப்பெட்டியைவிடப் பெரியது. பரப்பில் நாற்பது மடங்குக்கு மேல். ஒரு சட்டகத்துக்குப் பதினைந்து ஓட்டைகள். சுருள் கிடைமட்டமாக ஓடும். நிமிடத்துக்கு நூறு மீட்டருக்கு மேல் தின்னும். 1976இல் வாஷிங்டன் விண்வெளி அருங்காட்சியகத்துக்காக எடுத்த 'டு ஃபிளை!' படம் 27 நிமிடம்தான். அதன் சுருளை விரித்தால் இரண்டே முக்கால் கிலோமீட்டர் போகும்.

பூங்காக்காரர்கள் இதை விரும்பியதற்குத் தொழில் காரணங்கள் உண்டு. ரோலர் கோஸ்டர் ஒரு சுற்றில் முப்பது பேரைச் சுமக்கும். அரங்கம் அரைமணிக்கொரு முறை நூற்றுக்கணக்கானோரை உள்வாங்கும். மழை வந்தாலும் நிற்காது. தலைசுற்றலுக்குப் பயந்த தாத்தாவும் பாட்டியும் கைக்குழந்தைக்காரியும் உட்கார ஓர் இடம் கிடைக்கும். அதனால்தான் 1979இல் சிகாகோ அருகே கர்னியில் இருந்த மேரியட் நிறுவனத்தின் பூங்கா 'பிக்டோரியம்' என்ற பெருந்திரை அரங்கைக் கட்டியது. 1987இல் பிரான்சின் புவாத்தியே அருகே திறந்த ஃபியூச்சுரோஸ்கோப், பலவிதத் திரைகளையே மூலதனமாகக் கொண்டு எழுந்த முழுப் பூங்கா.

மலாயாவின் 'வேர்ல்டு'கள்

நம் வட்டாரத்துக்கு இந்த ஏற்பாடு புதிதல்ல. சிங்கப்பூரில் 1923இல் நியூ வேர்ல்டு, 1931இல் கிரேட் வேர்ல்டு, 1936இல் ஹேப்பி வேர்ல்டு என மூன்று கேளிக்கைப் பூங்காக்கள் எழுந்தன. பங்சவான் நாடகம், சீனக் கூத்து, ஜோகெட் நடனம், குத்துச்சண்டை, சூதாட்டக் கடை, சாப்பாட்டுக் கடை எல்லாம் ஒரே மதிலுக்குள். நடுவில் திரையரங்குகளும் இருந்தன. கிரேட் வேர்ல்டுக்குள் மட்டும் ஸ்கை, கேன்டன், குளோப், அட்லாண்டிக் என நான்கு. ஷா சகோதரர்கள் இப்பூங்காக்களில் முதலிட்டபோது, படம் தயாரிப்பதும் விநியோகிப்பதும் அதைக் காட்டும் பூங்காவை நடத்துவதும் ஒரே கைக்கு வந்தன. அவர்களது ஸ்டூடியோவில் மலாய்ப் படங்களை இயக்கியவர்களில் தமிழரும் இருந்தார்கள். 1950இல் நடிகர் பி. ரம்லியை 'பக்தி' படத்தில் கதாநாயகராக்கிய எல். கிருஷ்ணன் அவர்களுள் ஒருவர்.

கோலாலம்பூரின் புக்கிட் பிந்தாங்கில் இருந்த 'பிபி பார்க்' இதே குடும்பத்தைச் சேர்ந்தது. ஈப்போவில் ஜூபிளி பார்க், பினாங்கில் நியூ வேர்ல்டு. சில காசு நுழைவுக் கட்டணத்தில் சீனர், மலாய்க்காரர், தமிழர், யூரேசியர் எல்லோரும் ஒரே வாசலில் நுழைந்த இடங்கள் அன்றைய மலாயாவில் அதிகமில்லை. இந்தப் பூங்காக்களின் பெருமை அதுதான். தொலைக்காட்சியும் பேரங்காடியும் வந்தபின் அவை ஒவ்வொன்றாக அடங்கின. பிபி பார்க் நின்ற இடத்தில் 1977இல் சுங்கை வாங் பிளாசா திறந்தது.

தோட்டத்துக்கு வந்த திரை

அந்த வேர்ல்டுகளுக்கும் தோட்டத்து மக்களுக்கும் நடுவே தூரம் இருந்தது. மைல் கணக்கு அதில் கொஞ்சம். விடியும் முன் பெரட்டு என்ற ஆள்கணக்கெடுப்பு, மத்தியானம் வரை பால்வெட்டு, பிறகு ஸ்டோரில் பால் நிறுவை, ஞாயிற்றுக்கிழமை கோயில் வேலை என்று கட்டிப்போட்ட நேரம் அதைவிடப் பெரிய தூரம். சிரம்பானுக்குப் படம் பார்க்கப் போவதே தீபாவளிச் செலவோடு சேர்ந்தது. ஆகவே கேளிக்கை தோட்டத்துக்குள் வரவேண்டியிருந்தது.

முதலில் வந்தது அரசாங்க வேன். 1946இல் மலாயன் ஃபிலிம் யூனிட் தொடங்கப்பட்டது. 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் தகவல் இலாகாவின் நடமாடும் படவண்டிகள் கிராமங்களுக்கும் தோட்டங்களுக்கும் போயின. கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான பிரசாரம், நோய்த் தடுப்பு, தேர்தல், நாட்டு நடப்பு எல்லாம் தமிழ்க் குரலிலும் வந்தன. அவசரகாலக் கட்டுப்பாட்டில் முள்வேலிக்குள் அடைபட்டிருந்த மக்களுக்கு இருட்டில் ஒரு வெளிச்சம் என்பதே விழாவாகிவிட்டது. பிரசாரத்துக்காக விரித்த துணியை மக்கள் தங்கள் கேளிக்கையாக எடுத்துக்கொண்டார்கள்.

அடுத்து வந்தது நிர்வாகமோ கோயில் குழுவோ பணம் கொடுத்து வரவழைத்த தமிழ்ப்படம். மாரியம்மன் திருவிழாவின் கடைசி இரவு இதற்கென்றே ஒதுக்கப்பட்டதுபோல் இருக்கும். அன்று திடலைப் பார்த்தால் முழுக் கேளிக்கைப் பூங்காதான். ஒரு பக்கம் கையால் சுற்றும் ராட்டினம். இன்னொரு பக்கம் வளையல், பொம்மை, பலூன் கடைகள். கச்சான் பூத்தே விற்பவர் காகிதச் சுருளில் கடலை மடித்துக் கொடுப்பார். வளையம் எறிந்து சோப்புக்கட்டி ஜெயிக்கும் விளையாட்டும் உண்டு. எல்லாவற்றுக்கும் உச்சமாக நடுவில் நின்றது அந்த வெள்ளைத் துணி. ராட்டினத்துக்குக் காசு, கடலைக்குக் காசு, திரைக்கு மட்டும் காசு இல்லை.

கருவி ஒன்றுதான் இருக்கும். முக்கால் மணிக்கு ஒருமுறை சுருள் முடிந்து துணி வெறும் வெள்ளையாகும். விளக்கு எரியும். அந்த ஐந்து நிமிடத்தில் தூங்கிய பிள்ளைகளை எண்ணிப் பார்ப்பார்கள், வெற்றிலை மடிப்பார்கள், அடுத்து என்ன நடக்கும் என்று பந்தயம் கட்டுவார்கள். படத்தின் பாதிச் சுவை அந்த இடைவெளிகளில் இருந்தது.

இங்கே ஒரு கணக்கைச் சொல்ல வேண்டும். தோட்டத்துத் துணி பன்னிரண்டு அடி அகலம் என்று வைத்துக்கொள்வோம். முன்வரிசைப் பிள்ளைகள் அதிலிருந்து ஆறடியில் மண்ணில் குந்தியிருப்பார்கள். அவர்கள் கண்ணில் திரை விரியும் கோணம் 90 பாகை. இருபத்திரண்டு மீட்டர் ஐமேக்ஸ் திரையைப் பதினொரு மீட்டர் தூரத்தில் உட்கார்ந்து பார்ப்பவருக்கும் அதே 90 பாகைதான். திரையின் ஓரங்கள் பார்வையை விட்டு நழுவி, படத்துக்குள்ளேயே இருக்கிறோம் என்று தோன்றவைப்பதே பெருந்திரை அரங்கின் வித்தை. கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்த லயத்துப் பிள்ளைக்கு அந்த அனுபவம் செலவில்லாமல் கிடைத்தது. படத்தின் தெளிவில் ஐமேக்ஸ் எங்கோ இருக்கிறது. வியப்பில் அந்தப் பிள்ளை எள்ளளவும் குறைந்துபோகவில்லை.

1963 டிசம்பர் 28இல் மலேசியாவில் தொலைக்காட்சி தொடங்கியது. தோட்டத்து மண்டபத்தில் ஒரு பெட்டி வந்தது. எண்பதுகளில் வீடியோ லயத்துக்குள் நுழைந்தது. திருவிழா இரவிலும் திடலில் துணி கட்டுவது குறைந்தது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, ஆட்தேவை சுருங்கியது, தோட்டங்கள் துண்டாடப்பட்டன, நிலம் கைமாறியது, குடும்பங்கள் பட்டணத்து ஓரங்களுக்குப் பெயர்ந்தன. திரை ஓய்ந்தது ஒரு தொழில்நுட்பத்தால் மட்டும் அல்ல. அதன்முன் உட்கார்ந்திருந்த கூட்டமே கலைந்துபோனது.

கூரைக்குள் போன திரை

கலைந்த அந்தக் கூட்டத்தின் பிள்ளைகள் பெருந்திரையை மறுபடி கண்டது பள்ளிச் சுற்றுலாக்களில். சிங்கப்பூர் அறிவியல் மையத்தின் ஆம்னி தியேட்டர் 1987இல் திறந்தது. கோலாலம்பூரின் தேசியக் கோளரங்கம் 1994இல் அதிகாரபூர்வமாகத் திறந்து, கவிகை மாடத்தில் பெருவடிவப் படங்களைக் காட்டியது. தலைக்கு மேலே வானமே திரையான அந்த முதல் கணத்தில் பிள்ளைகள் ஒருசேரக் கத்தும் சத்தத்தைக் கேட்ட ஆசிரியர்கள் அதை மறப்பதில்லை.

கேளிக்கைப் பூங்காவும் பெருந்திரையும் ஒரே கூரையின்கீழ் கூடியது, 2003இல் கோலாலம்பூரில் திறந்த பெர்ஜயா டைம்ஸ் ஸ்குவேரில். பேரங்காடிக்குள்ளேயே ரோலர் கோஸ்டர் ஓடும் உள்ளரங்கப் பூங்கா. அதே கட்டடத்தில் பின்னர் நாட்டின் முதல் ஐமேக்ஸ் அரங்கமும் வந்தது. பழைய பிபி பார்க் இருந்த இடத்திலிருந்து இது கூப்பிடு தூரம். சில ஆண்டுகளில் அந்த ஐமேக்ஸ் மூடப்பட்டது. ரோலர் கோஸ்டர் ஓடிக்கொண்டிருக்கிறது. பின்னர் ஐமேக்ஸ் திரும்பி வந்தபோது எண்மக் கருவியோடு, புதுப்படங்களை ஓட்டும் பல்திரை அரங்குகளில் ஒரு கூடமாக வந்தது. கெந்திங் மலையில் 2013இல் மூடிய வெளிப்புறப் பூங்காவின் இடத்தில் 2022இல் திறந்த ஸ்கைவேர்ல்ட்ஸ் பூங்காவில் திரையும் சவாரியும் ஒன்றாகிவிட்டன.

இந்தியாவிலும் இந்த உறவு வெளிப்படையானது. 1984இல் நாட்டின் முதல் முப்பரிமாணப் படமான 'மை டியர் குட்டிச்சாத்தான்' தயாரித்த நவோதயா அப்பச்சன்தான், 1995இல் தாம்பரம் அருகே கிஷ்கிந்தா பூங்காவையும் அமைத்தார். கண்ணாடி போட்டுக்கொண்டு திரையை நோக்கிக் கைநீட்டிய பிள்ளையையும், தண்ணீர்ச் சறுக்கில் கத்திய பிள்ளையையும் ஒரே பிள்ளையாகப் பார்த்தவர் அவர். 1997இல் திறந்த கொல்கத்தா அறிவியல் நகரம், 2003இல் ஹைதராபாத்தில் வந்த பிரசாத்ஸ் ஐமேக்ஸ் என்று பெருந்திரையின் வழி விரிந்தது.

எது நின்றது, எது போனது

இந்த அனுபவங்களை அடுக்கிப் பார்த்தால் சில உண்மைகள் தெரிகின்றன.

அளவு மட்டும் நீண்டநாள் காப்பாற்றாது. முதல்முறை வியப்பு, இரண்டாம்முறை பழக்கம், மூன்றாம்முறை 'அதே படம்தானே' என்ற சலிப்பு. பெருவடிவப் படங்கள் எண்ணிக்கையில் குறைவு, எடுக்கும் செலவோ மிக அதிகம். ஆகவே பூங்காக்கள் ஒரே படத்தை ஆண்டுக்கணக்கில் ஓட்டின. கர்னியின் பிக்டோரியம் இடிக்கப்பட்டு, அந்த இடத்தில் 2019இல் ஒரு ரோலர் கோஸ்டர் எழுந்தது. சவாரி உடம்புக்குத் தரும் அதிர்ச்சி பழசாவதில்லை. கதையில்லாத காட்சி பழசாகிவிடும்.

வேறெங்கும் கிடைக்காததைத் தந்த திரை நின்றது. 2012இல் ஒன்டாரியோ பிளேஸ் மூடப்பட்டபோது சினிஸ்ஃபியரும் மூடியது. ஆனால் 2017இல் அது மட்டும் மறுபடி திறந்தது. அந்த நகரத்தார் அதைத் தங்கள் நினைவின் பகுதியாக வைத்திருந்தார்கள். 2023இல் 'ஓப்பன்ஹைமர்' படத்தை ஐமேக்ஸ் படச்சுருளில் காட்டிய சுமார் முப்பது அரங்குகளைத் தேடி ரசிகர்கள் ஊர்விட்டு ஊர் போனார்கள். அந்தச் சுருளின் நீளம் ஏறத்தாழ 18 கிலோமீட்டர்.

மூன்றாவது உண்மையைத் தோட்டம்தான் சொல்லித் தருகிறது. பாரிஸின் ஈரத்துணி முதல் நம் திடல் வரை, பெருந்திரை மக்கள் மனத்தில் ஆழப் பதிந்த இடங்களில் எல்லாம் அது விழாவோடு சேர்ந்தே வந்திருக்கிறது. விழா தினமும் வராது. வரும் நாளில் யாரையும் வெளியே நிறுத்தாது. தினசரி வியாபாரமாக்கிச் சீட்டுவிலையை ஏற்றியபோது, வியப்பும் குறைந்தது, கூட்டமும் சுருங்கியது. ஒரு குடும்பம் நான்கு பேராகப் பூங்காவுக்குள் நுழைந்து, அதற்குமேல் அரங்குக்கும் தனிச்சீட்டு வாங்க வேண்டுமென்றால், தாத்தாவும் பாட்டியும் வீட்டில் தங்கிவிடுகிறார்கள். அவர்களுக்காகவே கட்டிய இருக்கை காலியாகிறது.

திடல் இன்னும் இருக்கிறது

நெகிரி செம்பிலானின் நீலாயிலும் செண்டாயானிலும் என்ஸ்டெக்கிலும், பால்மரமும் செம்பனையும் நின்ற நிலங்களில் புதிய நகரங்கள் எழுந்துள்ளன. அங்கே பூங்கா உண்டு, ஏரி உண்டு, பேரங்காடியில் குளிரூட்டிய அரங்குகள் உண்டு. தோட்டத்திலிருந்து பெயர்ந்த குடும்பங்களின் மூன்றாம் தலைமுறை அங்கே வீடு வாங்கிக் குடியேறுகிறது. பக்கத்து வீட்டுக்காரரின் பெயர் தெரியாத வாழ்க்கை அது. கேட்டால் எல்லோரும் ஒரே குறையைச் சொல்கிறார்கள். பார்க்க எல்லாம் இருக்கிறது, கூடிப் பார்க்க ஒன்றும் இல்லை.

கூடிப் பார்க்கும் திரையை மறுபடி கட்டுவதற்கு இன்று கோடிகள் தேவையில்லை. ஒரு மடிக்கணினி, நல்ல வெளிச்சமுள்ள எண்மப் படக்கருவி, இரு பக்கமும் படம் தெரியும் துணி, இரண்டு ஒலிபெருக்கி. தீபாவளிக்கு முந்திய வாரமோ கோயில் திருவிழாவின் கடைசி இரவோ, குடியிருப்புச் சங்கமும் கோயில் குழுவும் தமிழ்ப்பள்ளிப் பெற்றோரும் கைகோத்தால் போதும். ராட்டினமும் கடலையும் தாமாகவே வந்து சேரும். அன்று தோட்டங்களில் ஓடிய அரசாங்கப் படங்களின் தமிழ்ப் பதிப்புகளைத் தேடியெடுத்து முதலில் ஓட்டலாம். திடலில் உட்கார்ந்து அவற்றைப் பார்த்த பெரியவர்களின் நினைவுகளைப் பள்ளிப் பிள்ளைகளே கைப்பேசியில் பதிவுசெய்து, அதே திரையில் காட்டலாம். அந்தப் பெரியவர்கள் நம்மோடு இருக்கும்போதே இதைச் செய்ய வேண்டும். இது தள்ளிப்போடக்கூடிய வேலை அல்ல.

கம்பம் நடும்போது ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். துணியைச் சுவரோடு ஒட்டிக் கட்டாமல் திடலின் நடுவில் கட்டுங்கள். நேரம் கழித்து வருகிறவர்களுக்கும் அழைப்பு கிடைக்காதவர்களுக்கும் திரையின் பின்பக்கம் காலியாக இருக்கட்டும்.